கொசுறு

ஏழு நாளுக்குத்தான் பணம் கட்டியிருந்தோம்.
எட்டாம் நாள் விடிந்தபோது
கால்வெஸ்டன் வாசலில் நின்றது கப்பல்,
குட்டையில் இறங்கிய எருமைபோல,
கிளம்பும் உத்தேசமே இல்லாமல்.

கேப்டன் ஒலிபெருக்கியில் மன்னிப்புக் கேட்டார்.
மூடுபனி. கால்வாயை அடைத்திருக்கிறார்கள்.
எப்போது திறக்கும் என்று சொல்வதற்கில்லை.
பதினொன்றாம் தளத்தில் காலை உணவு
மறுபடியும் உண்டு.

லிஃப்டில் ஒரு பெண் டென்வர் விமானத்துக்காக அழுதாள்.
முந்தின இரவே பெட்டிகளைக்
கதவுக்கு வெளியே வைத்துவிட வேண்டும் என்பது விதி;
கால்சட்டையையும் சேர்த்து அனுப்பிவிட்ட ஒரு தாடிக்காரர்
குளியல் அங்கியோடு ஆம்லெட்டுக்கு நின்றார்.

எங்களுக்கு வீடு பேர்லண்டில்.
துறைமுகத்திலிருந்து நாற்பது நிமிடம்.
தேட ஆளில்லை, செடிகளுக்குத் தண்ணீர் விடும்
எதிர்வீட்டு ரோசலிண்டாவைத் தவிர.
இவர் இரண்டாம் காப்பியோடு வந்து உட்கார்ந்து
"கொசுறு" என்றார்.

அறை அட்டையில் இவர் பெயர் இடம் போதாமல்
ஆவுடையப் என்று நின்றுவிட்டது.
வேலையிடத்தில் அதுகூட இல்லை, ஆடி.
ஒரு ஜெர்மன் காரின் பெயரில் இருபத்தாறு வருடம்
டெக்சஸ் சிட்டி எண்ணெய் ஆலையில் இரவு ஷிப்ட்.
எனக்கு ஆஸ்பத்திரி லேபில் பகல்.
எங்கள் தாம்பத்தியத்தில் பெரும்பகுதி
ஃப்ரிட்ஜ் கதவில் நடந்தது:
ரசம் கீழ்த்தட்டில்.
பிளம்பர் வந்தான், நூற்றெண்பது.
பிள்ளைக்குக் காய்ச்சல் இறங்கிவிட்டது, எழுப்ப வேண்டாம்.

அதனால் முதல் மூன்று நாள்
கடலையும் கரண்ட் பில்லையும் பேசி ஒப்பேற்றினோம்.
நாலாம் நாள் ரோவாட்டானில்
எல்லோரும் பவளப்பாறை பார்க்க இறங்கினார்கள்.
நாங்கள் இறங்கவில்லை.
காலியான கப்பலில், நீச்சல்குளத்தருகே,
மதியம் இரண்டு மணி வெயிலில்
இவர் தூங்குவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.
இடது கண் முழுசாக மூடுவதில்லை.
இத்தனை வருடம் கழித்து எனக்குக் கிடைத்த தகவல்.
எழுந்ததும் சொன்னேன்.
"அலாரம் பார்க்கிற கண் அது" என்றார்.

இப்போது பால்கனிக்கு வெளியே எதுவும் இல்லை.
கடல் இல்லை, வானம் இல்லை,
கைப்பிடிக் கம்பியில் தொங்கும் நீர்த்துளிகள் மட்டும்.
இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை கப்பல் ஊத,
எங்கிருந்தோ இன்னொன்று பதிலுக்கு ஊதியது.
இவர் மூக்கை நீட்டி முகர்ந்தார்.
"வடக்குக் காத்து. கந்தகம் வருது பாரு."
எனக்கு பேக்கன் வாசம்தான் வந்தது.

நாலு மணி வாக்கில் ஆரஞ்சாய் ஒரு கறை.
ஆலைச் சுடர் என்றார். சூரியன் என்றேன்.
ஐந்து டாலர் பந்தயம்.
முடிவாவதற்குள் பனி அதையும் தின்றுவிட்டது.

அப்போதுதான் சொன்னார்:
குளிர்கால ஞாயிறுகளில்
ஷிப்ட் தொடங்கி, கோபுரத்தில் ஏறி
மீட்டர் குறிக்கும் நேரத்தில்
இந்த மாதிரிக் கப்பல்கள் வெளியே போகுமாம்,
கல்யாண மண்டபத்தைப் பெயர்த்துத்
தண்ணீரில் விட்டதுபோல.
அரை நிமிடம் பார்ப்பாராம்.
என்னிடம் ஏன் சொல்லவேயில்லை என்றேன்.
"சீட்டுல எழுத இதுல என்ன இருக்கு?"

இருட்டியபின் கால்வாய் திறந்தது.
கீழ்த்தளத்தில் கைதட்டினார்கள்.
கரை விளக்குகள் நெருங்கி வர,
வளைகுடாவுக்கு அப்பால், கழுவிவிட்ட வானத்தில்,
கோபுரங்களும் அந்தச் சுடரும் தெரிந்தன.
ஐந்து டாலரை இவர் கேட்கவில்லை.
எழுந்து நின்று கையசைத்தார்.
"மேலே நிக்கிறவனுக்கு ஆள் தெரியாது,
வெளிச்சம் மட்டும்தான்" என்றார்,
அசைத்த கையை இறக்காமலே.